பிக்கப் வண்டிக்கு வின்ச்சும் மீட்புச் சாதனங்களும்: எது யாருக்குப் பொருந்தும்?

கரடுமுரடான தடங்களுக்குப் பிக்கப் வண்டியைத் தயார்செய்ய நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பணம் ஒதுக்குவது, வடத்தைச் சுற்றி இழுத்துச் சிக்கிய வண்டியை மீட்கும் வின்ச்சுக்குத்தான். எந்த வின்ச் என்று கேட்பதற்கு முன்பே வேறொன்றை முடிவுசெய்துகொள்வது நல்லது: வண்டி தனியாகப் போகப்போகிறதா, இன்னொரு வண்டியின் துணையோடு போகப்போகிறதா? சந்தையில் எதிரெதிராக நிறுத்தப்படும் சாதனங்களில் எது மேல் என்பது, வலுவைக் காட்டிலும் இந்த ஒரு கேள்விக்கான விடையையே அதிகம் சார்ந்திருக்கிறது.

துணை வண்டி எப்போதும் உண்டு என்றால், வின்ச்சைவிட நைலானால் பின்னப்பட்ட கைனெடிக் கயிறே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இக்கயிறு இழுவிசையில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீண்டு, இழுக்கும் வண்டியின் வேகத்தைத் தனக்குள் ஆற்றலாகச் சேர்த்து, சிக்கிய வண்டியைச் சீராக வெளியே கொண்டுவருகிறது. பட்டையாக நெய்யப்பட்ட ஸ்நாட்ச் ஸ்ட்ராப் இதே வேலையைக் குறைந்த விலையில் செய்தாலும், 20 விழுக்காடு அளவுக்கே நீளும் என்பதால் அதிர்ச்சி சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பாலியெஸ்டர் பட்டைகள் கிட்டத்தட்ட நீளுவதே இல்லை. மரத்தைச் சுற்றிக் கட்டவும் வின்ச் வடத்தை நீட்டிக்கவும் அவை ஏற்றவை. பார்வைக்கு ஸ்நாட்ச் ஸ்ட்ராப்பைப் போலவே இருக்கும் அவற்றை ஓடிவந்து இழுக்கப் பயன்படுத்தினால், கொக்கியோ சேஸியோ பிய்ந்துகொண்டு வரும்.

தனியாகப் போகிறவருக்குக் கைனெடிக் கயிறு எதற்கும் உதவாது. அவருக்கு வின்ச் தேவை. இங்கே மூன்று வகைகள் போட்டியிடுகின்றன. மின்சார வின்ச் 12 வோல்ட்டில் முழுச் சுமையை இழுக்கும்போது 400 ஆம்பியருக்கும் மேல் உறிஞ்சும். எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் எந்தச் சாதாரண ஆல்டர்னேட்டரும் அவ்வளவு தராது என்பதால், மீதி முழுவதும் பேட்டரியிலிருந்தே போகிறது. ஆகவே எஞ்சினை ஓடவிட்டபடி சிறிது இழுப்பதும், மோட்டார் ஆற நேரம் கொடுப்பதும், பிறகு மீண்டும் இழுப்பதுமாகத்தான் அதைக் கையாள வேண்டும். பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வின்ச் மெதுவாக இழுக்கும். ஆனால் இப்படிச் சூடேறித் தளராது. அதன் குறை வேறு: எஞ்சின் நின்றால் அதுவும் நின்றுவிடும், தவிர மின் ஸ்டீயரிங் பொருத்தப்பட்ட பல புதிய பிக்கப்களில் அதை இணைக்கப் பம்பே கிடையாது. மூன்றாவதான கை நெம்பு வின்ச் உடலைப் பிழிந்தெடுக்கும், நேரமும் தின்னும். இருந்தும் மற்ற இரண்டாலும் முடியாத ஒன்றை அது செய்கிறது. முன்பம்பரில் இறுகப் பூட்டிய வின்ச் முன்னோக்கி மட்டுமே இழுக்கும்போது, இது வண்டியைப் பின்னோக்கியும் இழுக்கும். சேற்றில் புதைந்த வண்டிக்கு மிக எளிய வழி பெரும்பாலும் வந்த தடத்தின் வழியே திரும்புவதுதான் என்பதை எண்ணிப்பார்த்தால், இதன் மதிப்பு விளங்கும். ஓய்வுப் பயணங்களுக்கு மின்சார வின்ச் போதும். நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் வண்டிக்குத்தான் ஹைட்ராலிக் பொருள்படும்.

வின்ச்சின் உருளையான டிரம்மில் சுற்றவேண்டியது எஃகு வடமா, செயற்கை இழை வடமா என்பதில்தான் வாதம் மிகுதி. ஒரு வழக்கமான பிக்கப் வின்ச்சுக்குரிய எஃகு வடம் 10 கிலோவை ஒட்டி எடையிருக்கும். அதே வலுவுள்ள செயற்கை வடம் 2 கிலோ அளவில் முடிந்துவிடும். டைனீமா என்ற வணிகப்பெயரால் பரவலாக அறியப்படும் இந்த இழை தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. ஓடையில் விழுந்தால் மிதக்கும். எஃகு வடத்தில் காலப்போக்கில் அறுபடும் நுண்கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டு நின்று, துணிக் கையுறையைத் துளைத்து உள்ளங்கையைக் கிழிக்கும். செயற்கை வடத்தில் அந்தத் தொல்லை இல்லை, அறுந்தால் அது பாயும் வேகமும் குறைவு.

இவ்வளவும் உண்மையென்றாலும் செயற்கை வடம் எல்லா இடத்திலும் வெல்லும் என்று சொல்லிவிட முடியாது. கூர்மையான பாறை விளிம்பு அதை நொடியில் அறுத்துவிடும், மணல் இழைகளுக்கிடையே புகுந்து உள்ளிருந்தே தேய்க்கும், வெயிலும் அதை நாளடைவில் நலிவிக்கும். வெப்பம் இன்னும் பெரிய எதிரி. இந்த இழை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே வலுவிழக்கத் தொடங்கும். பல மின்சார வின்ச்களில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருப்பதால், சுமையோடு வடத்தை வெளியே விடும்போது, அதாவது சரிவில் வண்டியை மெல்ல இறக்கும்போது, அந்தச் சூடு நேரே வடத்தின் அடி அடுக்குக்குப் போகிறது. ஆகவே சரிவில் இறக்கும் வேலை அடிக்கடி வருபவரும், வடத்தைக் கழுவி உலர்த்தும் பொறுமை இல்லாதவரும் எஃகையே வைத்துக்கொள்ளலாம். ஏனையோருக்குச் செயற்கை வடமே சிறந்தது.

எஃகிலிருந்து செயற்கைக்கு மாறுகிறவர்கள் வடத்தோடு, அதை டிரம்முக்கு வழிநடத்தும் வாயான ஃபேர்லீட்டையும் மாற்றியாக வேண்டும். எஃகு வடம் ஓடிய உருளைகளில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தட்டுப்படும். அந்தக் கீறல்கள் இழைகளை அரம்போல் அராவிவிடும் என்பதால், உருளையில்லாத, வழவழப்பான அலுமினிய ஹாஸ் ஃபேர்லீட்டே இங்கு உரியது. எந்த வடமானாலும் தளர்வாகச் சுற்றினால், இழுவை வந்ததும் மேலடுக்கு கீழடுக்குகளின் இடுக்கில் புகுந்து சிக்கிக்கொள்ளும். ஓரளவு சுமையோடு சுற்றுவதே முறை. டிரம்மில் எப்போதும் எஃகு வடத்துக்கு 5 சுற்றும், வழுக்கும் தன்மையுள்ள செயற்கை வடத்துக்கு 10 சுற்றும் மிஞ்சியிருப்பது பாதுகாப்பு.

திறனைப் பொறுத்தவரை, சுமையேற்றிய வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு என்ற வழக்கமான கணக்கு இன்றும் பொருந்துகிறது. 3 டன் பிக்கப்புக்கு 4.5 டன், அதாவது ஏறத்தாழ 10,000 பவுண்டு வின்ச் வேண்டும். 12,000 பவுண்டு வாங்கினால் நிம்மதி என்று சிலர் நினைக்கிறார்கள். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் டிரம்மை ஒட்டிய முதல் அடுக்குக்கு மட்டுமே உரியது. கடைசி அடுக்கில் இழுக்கும்போது அது மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். எனவே கூடுதல் எடையுள்ள பெரிய வின்ச்சைவிட, 10,000 பவுண்டு வின்ச்சோடு ஒரு ஸ்நாட்ச் பிளாக் வைத்திருப்பதே புத்திசாலித்தனம். அந்தக் கப்பி வழியாக வடத்தை மடித்துக் கொண்டுவந்தால், வடத்தின் மீதான சுமை ஏறக்குறையப் பாதியாகிறது, வேகமும் பாதியாகிறது. கூடவே டிரம்மிலிருந்து அதிக வடம் வெளியே போவதால் வின்ச் தன் முழு வலுவுள்ள அடுக்குகளில் வேலைசெய்கிறது.

கப்பியைக் கட்டியிருக்கும் இடத்தின் மீது வடத்தின் இழுவிசையைப்போல் இரு மடங்கு விழும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கப்பியைக் கட்ட உதவும் இணைப்பு வளையமான ஷாக்கிளில், பரவலாகக் கிடைக்கும் 19 மில்லிமீட்டர் எஃகு வகையின் பணிச்சுமை, அதாவது பாதுகாப்பாகத் தாங்கும் எடை, 4.75 டன்; முழுத் திறனில் இழுக்கும் 10,000 பவுண்டு வின்ச் அந்த ஷாக்கிளின் மீது 9 டன்னை ஏற்றிவிட முடியும். பின்னல் கயிற்றாலான மென் ஷாக்கிள் இலகுவானது, கழன்றாலும் குண்டுபோல் பறக்காது; வட்டமான விளிம்புள்ள மீட்புக் கொக்கிகளுக்கு அதுவே மேல். கூரான விளிம்புள்ள இடங்களுக்கு மட்டும் எஃகு ஷாக்கிள் தேவைப்படும். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் எந்த வகைக் கயிற்றையும் மாட்டக் கூடாது; அது முறிந்து பறந்து உயிர்களைப் பலிகொண்டிருக்கிறது.

பொருத்தும் முறையில் நான் அதிகம் தயங்குவதில்லை. கனமான எஃகு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன் ஸ்பிரிங்குகள் தாழ்ந்துவிடும். ஸ்பிரிங்கையும் மாற்றும் எண்ணம் இல்லாதவர்கள், தொழிற்சாலை பம்பருக்குப் பின்னே சேஸியில் மறைவாகப் பொருத்தும் தாங்கியைத் தேர்வதே நல்லது. எதுவானாலும் ஏர்பேக் உணரிகளைப் பாதிக்காத, அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட தாங்கியாக இருக்க வேண்டும்.

டயரில் காற்றை 35-லிருந்து 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்குவதும், சக்கரத்தின் கீழ் பிடிப்புப் பலகைகளைச் செருகுவதும் வின்ச் வரைக்கும் போகவிடாமலேயே பல சிக்கல்களைத் தீர்த்துவிடும். பின்பகுதி காலியாக ஓடும் பிக்கப்பில் பின்சக்கரங்கள் எளிதில் சுழன்றுவிடுவதால், இவை மற்ற வண்டிகளைவிட இதற்கே அதிகம் உதவும். உயர நெம்பு ஜாக்கியோடு ஒப்பிட்டால் பலகைக்கே என் வாக்கு. பிளாஸ்டிக் பம்பருள்ள புதிய வண்டிகளில் அந்த ஜாக்கியை ஊன்றச் சரியான இடமே இல்லை, கைப்பிடி நழுவினால் தாடையும் தப்பாது. பலகைகளையும் மண்வெட்டியையும் சுமைப்பெட்டியின் அடியில் புதைத்து வைக்காமல் பக்கவாட்டுத் தாங்கியில் கட்டிவைக்க வேண்டும். பின்பக்கம் சேற்றில் அமிழ்ந்த பிக்கப்பின் பின்கதவு பல நேரங்களில் திறக்கவே திறக்காது.