செம்பூர் வீட்டில் ஆறு வருடமாக ஒரு கீபோர்டு

2019 டிசம்பரில் இந்த 61 கீ கீபோர்டை வாங்கினேன். மேடையில் வாசிக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. மகள் இங்கே மும்பை செம்பூரிலேயே ஒரு பாட்டு மாமியிடம் கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை ஆரம்பித்திருந்தாள். கூடவே உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். மாமி சுத்த ரிஷபம் (ரி-யில் ஒரு வகை), அந்தர காந்தாரம் (க-வில் ஒரு வகை) என்று சொல்லச் சொல்லப் பெயர்கள் மனப்பாடம் ஆயினவே தவிர, எது எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. கண்ணால் பார்க்க ஒன்று வேண்டியிருந்தது.

வந்த அன்றே கீகளின் மேல் ச, ரி, க, ம என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். அது தப்பு. ஒரு வருடம் அந்த எழுத்துகளைப் பார்த்தே வாசித்திருக்கிறேன். மகளுக்கு ஐந்து கட்டை சுருதி, அதாவது C-யிலிருந்து எண்ணி ஐந்தாவது வெள்ளைக் கீயில் ஷட்ஜம் (ச). ஒருநாள் மாமி, “ஸ்டிக்கரைப் பார்க்காதேம்மா. அஞ்சு கட்டையில ஷட்ஜம் வெச்சு மாயாமாளவகௌளை வாசி, பார்ப்போம்” என்றார். கை நகரவில்லை.

அன்று ராத்திரி எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, வெள்ளை கறுப்பு என்று பார்க்காமல் அந்த மாயாமாளவகௌளை ராகத்தின் இடைவெளியை மட்டும் எண்ணினேன். ச-விலிருந்து ஒரு கீ தள்ளி ரி. அங்கிருந்து மூன்று தள்ளி க. அப்புறம் ஒன்று தள்ளி ம. ம-வுக்கும் ப-வுக்கும் இரண்டு. அதற்கு மேலே மறுபடியும் ஒன்று, மூன்று, ஒன்று. கீழ்ப்பாதியும் மேல்பாதியும் ஒரே அச்சு! புரந்தரதாசர்தான் பாலபாடத்துக்கு இந்த ராகத்தை வைத்தார் என்பார்கள். பாதியைப் பழகினால் மீதியும் தானாக வந்துவிடுகிறது.

அடுத்த வருடம் முழுக்க வெள்ளைக் கீகள்தான். ஒரு கட்டையில் ச வைத்தால் சங்கராபரண ராகம். கீகளை மாற்றாமல் ச-வை மட்டும் நகர்த்தினால், இரண்டு கட்டையில் கரகரப்பிரியா, மூன்றில் தோடி, நான்கில் கல்யாணி, ஐந்தில் ஹரிகாம்போஜி, ஆறில் நடபைரவி. ஏழில் பஞ்சமம் (ப) அமையாது. கிரகபேதம் என்று கேட்டிருந்த வார்த்தை இதுதானா என்று நானும் மகளும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தோம். 72 மேளகர்த்தா (தாய் ராக) அட்டவணையைப் பார்த்தால் வரும் பயம் அதோடு போனது.

ஆனால் மூன்று கட்டையில் கிடைப்பது தோடியின் சுர இடங்கள் மட்டுமே. தோடியின் காந்தாரம் அசைந்தால்தான் தோடி, கீ அசையாது. இன்னொன்று, கீபோர்டில் 12 இடங்களும் சம அளவாகப் பிரிக்கப்பட்டவை. சுர இடைவெளியை அளக்கும் சென்ட் கணக்கில் அரைச்சுரம் ஒன்று 100 சென்ட் என்றால், தம்புராவோடு ஒட்டுகிற அந்தர காந்தாரத்தைவிட இதில் வருவது சுமார் 14 சென்ட் மேலே நிற்கிறது. முதலில் எனக்குக் காதில் படவில்லை. மூன்றாம் வருடம் சுருதிப் பெட்டியைப் போட்டுப் பாடும்போது உறுத்த ஆரம்பித்தது. அதன்பிறகு கணக்குக்குக் கீபோர்டு, பாட்டுக்குச் சுருதிப் பெட்டி என்று பிரித்துவிட்டோம்.

மும்பை மழைக்காலம் கீபோர்டுக்கு ஆகாது. வாங்கிய பிறகு வந்த இரண்டாவது ஜூலை மாதத்தில் ஒரு கறுப்புக் கீ அமுங்கியபடியே நின்றுவிட்டது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் ஐந்து வாரம் இழுத்தடித்தார்கள். இப்போது மழை தொடங்கியதும் துணி போர்த்தி, ஜன்னலை விட்டுத் தள்ளி வைக்கிறேன். அடாப்டர் ஒருமுறை மாற்றியாயிற்று. மற்றபடி குறையில்லை.

வாங்குகிறவர்கள் நூற்றுக்கணக்கான வாத்திய ஓசைகளுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். நான் ஆறு வருடத்தில் பயன்படுத்தியது இரண்டு. கீ சாதாரண பியானோ அளவில் இருக்கிறதா என்று மட்டும் விரலை வைத்துப் பாருங்கள். ஸ்டிக்கர் இலவசமாகக் கொடுப்பார்கள், ஒட்டாதீர்கள்.