லைவ் பாக்குறப்ப வேண்டாததை மறைக்கணும்னா எந்த ஆப் தேவல?

மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் வீட்டுல ஹால்ல ஒரே டிவிதான், அக்கா மவனுக்கு 10 வயசு, ராத்திரி சாப்பிட்டதும் மொபைல் லெஜண்ட்ஸ்ங்கிற போன் கேமை யாராவது ஆடுற லைவ் போட்டு உக்காந்துருவான். போன மாசம் ஒருத்தன் தோத்த கடுப்புல தமிழு, மலாய்னு ரெண்டு பாஷையிலயும் அசிங்கமா திட்ட ஆரம்பிச்சான், பக்கத்துல மைலோ கலக்கிக்கிட்டு இருந்த பாட்டி "என்னாடா சொல்றான் அவன்?"னு கேட்டாங்க பாருங்க, நான் ரிமோட்டைத் தேடுன வேகம் இருக்கே லா... அன்னிக்கு ராத்திரியே ட்விட்ச், யூடியூப், டிக்டாக்னு மூணு ஆப்போட செட்டிங்ஸையும் நோண்டிட்டேன்.

பாக்குறவன் கையில நெறய சுவிட்ச் குடுக்குறது, கேம் லைவ்வுக்குன்னே பேர்போன ட்விட்ச்தான். 2023ல லேபிள் கொண்டாந்தாங்க, சூதாட்டம், கெட்ட வார்த்தை, போதை, ரத்தக்களறி, ஆபாசம்னு தனித்தனியா, 2024லேருந்து இதுல எது வேணாமோ அதை நாமளே அணைச்சிடலாம், தேடுனாலும் வராது. எனக்கு சூது லைவ் கண்ணுலயே படக்கூடாது, அணைச்சேன், நிம்மதி. ஆனா லேபிளை ஒட்ட வேண்டியது லைவ் போடுறவன். அவன் மறந்தா ட்விட்ச் ஒட்டும்தான், அதுக்குள்ள பாட்டி காதுல விழுந்துரும்ல. பதிவு பண்ண வீடியோன்னா ஏத்துனதும் சோதிக்கலாம், லைவ்ல அடுத்த நிமிஷம் என்ன பேசுவான்னு எந்த மிஷினுக்குத் தெரியும்?

யூடியூப் இதுக்கு நேர்மாறு. பெரியவங்களுக்கு இந்த மாதிரி வகை வகையான சுவிட்ச் கெடையாது, ஏடாகூடமான வீடியோவை மொத்தமா மறைக்க ரெஸ்ட்ரிக்டட் மோட்னு ஒரே மூடி, அதையும் ஒவ்வொரு போன்லயும் பிரவுசர்லயும் தனித்தனியா போடணும், போட்டா கமெண்ட்டும் சேர்ந்து போயிரும். ஆனா பசங்களுக்குப் பெத்தவங்க பாத்துக்குற அக்கவுண்ட் இருக்கு பாருங்க, அதுல 9 வயசுக்கு மேலங்கிற படியில லைவ்வே வராது, 13க்கு மேலங்கிற படிக்குப் போனாதான் வரும். முரட்டு வழிதான். ஆனா யாரு லேபிள் ஒட்டுனா, யாரு ஒட்டலைங்கிற கவலையே இல்ல.

டிக்டாக் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. வேண்டாத வார்த்தையை எழுதி வெச்சா அந்த வார்த்தை போட்ட வீடியோவைக் காட்டாது, ஆனா லைவ்ல ஒருத்தன் வாயால பேசுறதுக்கு அது எப்படி உதவும்? 18க்கு மேலதான் பாக்கணும்னு பூட்டுற வசதி இருக்கு, அதோட சாவியும் லைவ் போடுறவன்கிட்டதான்.

தனி ஆளுன்னா கண்ணை மூடிக்கிட்டு ட்விட்ச்னு சொல்லுவேன். எங்க வீடு மாதிரி ஒரே டிவியை பாட்டிலேருந்து பேரன் வரைக்கும் பாக்குற எடத்துல யூடியூப்தான், அதுவும் பையனோட அக்கவுண்ட்ல, 9 படியில. என் ட்விட்ச் இப்ப போன்ல, இயர்போன் மாட்டிக்கிட்டு. பொடியன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கான். நேத்து மெதுவா வந்து, "மாமா, எனக்கு 13னு மாத்திடேன், பாட்டிக்குத் தெரியாது"ங்கிறான்.