அசிட்ரோமா, புது மாத்திரையா?

அரூர் பக்கம் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் இதைக் கேட்கலாம்: "அண்ணா, எதிர்வீட்டுக்காரருக்கு ரத்தம் உறையாம இருக்க புது மாத்திரை குடுத்திருக்காங்க. டெஸ்டே வேண்டாமாம். எனக்கும் அதையே குடுங்களேன்." கேட்பவர் இதயத்தில் என்ன வால்வு இருக்கிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் கிடையாது.

பழைய கட்சி அசிட்ரோமும் வார்ஃபரினும். வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் செய்யும் உறைவுக் காரணிகளில், அதாவது ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில், நான்கை (2, 7, 9, 10) ஒரே வீச்சில் குறைத்துவிடும். விலை மலிவு. ஆனால் ஆளுக்கு ஆள் அளவு மாறும். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எண் பெரும்பாலோருக்கு 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். பென்னாகரத்துக்காரருக்கு அதைப் பார்க்க தருமபுரி போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அந்த ரத்தத்தை இளநீல மூடிக் குழாயில் எடுப்பார்கள். உள்ளே இருக்கும் சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்து உறையவிடாது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது கணக்கு. கோடு வரை நிரப்பாவிட்டால் எண் தப்பாக வரும். தயங்காமல் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கீரை. அதில் வைட்டமின் கே அதிகம். களியும் கீரைக் கடைசலும் உண்ணும் ஜில்லாவில் "கீரையே தொடாதே" என்பது அநியாயம். வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும், மாத்திரையை அதற்கேற்ப டாக்டர் அமைத்துவிடுவார். திடீரென்று கூட்டுவதும் நிறுத்துவதும்தான் வம்பு.

புதுக் கட்சியில் அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான், டாபிகாட்ரான். ஒவ்வொன்றும் ஒரே ஒரு காரணியைத்தான் மறிக்கும். கீரைக் கவலை இல்லை, ஐஎன்ஆர் இல்லை, மூளைக்குள் ரத்தக்கசிவும் குறைவு. சிறுநீரகத்தை மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஒரு வேளை மறந்தால் பாதுகாப்பு சீக்கிரம் விட்டுப்போகும். காலில் ரத்தக்கட்டு, வால்வுக் கோளாறு இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாவது (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்) என்றால் பெரும்பாலும் என் ஓட்டு இவற்றுக்கே.

பழுதான இதய வால்வுக்குப் பதிலாக வைக்கும், உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆன செயற்கை வால்வு (பேச்சில் உலோக வால்வு) என்றால் கதை வேறு. திருவனந்தபுரத்தில் உருவாகி 1990-ல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வானாலும் சரி, வெளிநாட்டுக் கார்பன் வால்வானாலும் சரி, ரத்தத்துக்கு அது அந்நியப் பரப்பு. பட்டதும் உறைவு வேலை கிளம்பிவிடும். ஒரு காரணியை மட்டும் மறிக்கும் மருந்து அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. உலோக வால்வுக்காரர்களிடம் டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு 2012-ல் பாதியிலேயே நின்றது: ரத்தக்கட்டும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி, துடிப்பும் தாறுமாறானவர்களுக்கும் 2022-ல் வந்த ஆய்வில் பழைய மாத்திரையே ஜெயித்தது.

பன்றி, மாட்டுத் திசு வால்வு வைத்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அசிட்ரோம் வேண்டியதில்லை. பதிலுக்கு அது தேயும். 10, 15 வருடத்தில் மறுபடி ஆபரேஷன் வரலாம், சின்ன வயதில் இன்னும் சீக்கிரமே. பிள்ளை பெற வேண்டிய பெண்ணுக்கு வார்ஃபரின் வகை கருவைப் பாதிக்கும் என்பதால், எந்த வால்வு என்ற பேச்சை ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் எடுத்துவிட வேண்டும்.