மேன் பக்கத்தைச் சுத்தம் செய்ய மூன்று வழிகள்: எதை, எப்போது?

டெர்மினலில் நாம் திறந்து படிக்கும் கையேட்டுப் பக்கம், அதாவது மேன் பக்கம், ரோஃப் என்ற பழைய யூனிக்ஸ் வடிவமைப்பு மொழியின் குறிகள் கலந்த ஓர் எளிய உரைக்கோப்பு. பலர் பல ஆண்டுகளாகக் கைவைத்த கோப்பு என்றால் அதன் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஒருவர் மேக்ரோக்களால், அதாவது பல குறிகளை ஒரே பெயரில் அழைக்கும் கட்டளைகளால், எழுதியிருப்பார். இன்னொருவர் எழுத்துருவை மாற்றும் பின்சாய்கோட்டுக் குறிகளை வரிக்கு வரி தூவியிருப்பார். மூன்றாமவர் வெற்று வரிகளையும் இடைவெளிகளையும் வைத்து ஒப்பேற்றியிருப்பார்.

சுத்தம் செய்ய வருகிறவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கும் மேன் மேக்ரோக்களுக்குள்ளேயே ஒழுங்குபடுத்தலாம். எம்டாக் என்ற இன்னொரு மேக்ரோத் தொகுப்பில் திருப்பி எழுதலாம். அல்லது மூலத்தையே மார்க்டவுன், ஆஸ்கிடாக் போன்ற எளிய குறிமொழி ஒன்றுக்குக் கொண்டுபோய், அதிலிருந்து மேன் பக்கத்தை உருவாக்கிக்கொள்ளலாம். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையால் எழுதப்பட்ட பழைய பக்கம் எதுவானாலும் முதல் வழியில்தான் தொடங்க வேண்டும். சுத்தம் செய்யாமல் மொழி மாற்றினால், பழைய பிழைகள் புதிய கோப்பில் புது உடை போட்டுக்கொண்டு நிற்கும். பிறகு அவற்றைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

மேன் மேக்ரோக்கள் 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியவை. அவை மிகச் சிலவே: தலைப்புக்கு எஸ்எச், ஆப்ஷனும் (கட்டளையின் நடத்தையை மாற்றக் கோடு போட்டுத் தரும் சொல்) விளக்கமுமான பத்திக்கு டிபி, தடித்த எழுத்துக்கு பி, சாய்வெழுத்துக்கு ஐ, தடித்த எழுத்தையும் சாதாரண எழுத்தையும் மாற்றி மாற்றி எழுத பிஆர் போன்றவை. இவற்றை அரை நாளில் கற்றுக்கொள்ளலாம். எழுத்துருக் குறிகளை மேக்ரோவாக மாற்றுவதில் அழகு மட்டும் கிடைப்பதில்லை. பின்சாய்கோடு போட்டுத் தடித்த எழுத்தைத் தொடங்கியவர் அதை முடிக்க மறந்தால், தடிமன் அந்தச் சொல்லோடு நிற்காமல் அடுத்த வரிகளுக்கும் பரவும். மேக்ரோ அப்படிச் செய்யாது; தனக்குத் தரப்பட்ட சொற்களோடு அதன் வேலை முடிந்துவிடும்.

ஆனால் உண்மையான கேடு எழுத்துருவில் இல்லை. ஒரு சிறிய கோட்டில் இருக்கிறது. ரோஃப் மொழியில் வெறும் கோடு என்றால் சொற்களை இணைக்கும் இணைப்புக்கோடு. கட்டளையின் ஆப்ஷனுக்கு முன்னால் வரும் கோட்டை, பின்சாய்கோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். சேர்க்காமல் விட்டால், ரோஃப் கோப்பை வடிவமைத்துக் காட்டும் கிராஃப் நிரல் யூனிகோட் டெர்மினலில் அதை வேறோர் எழுத்தாக அச்சிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். வாசகர் அந்த ஆப்ஷனைப் பக்கத்திலிருந்து நகலெடுத்துக் கட்டளையோடு ஒட்டுவார். கட்டளைக்கு அது ஆப்ஷனாகவே தெரியாது. பக்கத்துக்குள் தேடினாலும் கிடைக்காது. புதிதாகக் கற்றுக்கொள்பவர் தவறு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார். இது எனக்கு ஆற்றாமையைத் தருகிற விஷயம்: உதவி செய்வதற்காகவே எழுதப்பட்ட பக்கம், உதவி தேடி வந்தவரைத் தடுக்கி விழச் செய்கிறது.

ஒற்றை மேற்கோள் குறி, பின்சாய்ந்த மேற்கோள், கூரைக் குறி, அலைக்கோடு ஆகிய நான்குக்கும் இதே சிக்கல் உண்டு. எடுத்துக்காட்டு நிரல் வரிகளில் இவை அச்சுக்கலை வடிவங்களாக மாறி நிற்கும். சில லினக்ஸ் வழங்கல்கள் இந்த எழுத்துகளை உள்ளமைப்பிலேயே சாதாரண ஆஸ்கி வடிவத்துக்குத் திருப்பிவிடுகின்றன. வாசகருக்கு அது நல்லதுதான். ஆனால் எழுதியவர் தன் கணினியில் பிழையைப் பார்க்கவே முடியாது. வேறொரு கணினியில் அதே பக்கம் உடையும். ஆகவே திரையை மட்டும் நம்பிச் சுத்தம் செய்யக் கூடாது. மூலத்தைப் படிக்க வேண்டும்.

மூலத்தைப் படிக்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு வரி புள்ளியிலோ ஒற்றை மேற்கோளிலோ தொடங்கினால், ரோஃப் அதை உரையாக எடுத்துக்கொள்ளாது. கட்டளை வரி என்று கருதும். அப்படியொரு கட்டளை இல்லாவிட்டால் அந்த வரி முழுவதும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். புள்ளியில் தொடங்கும் கோப்புப்பெயர்களை விளக்கும் பக்கங்களில் இப்படிச் சில வரிகள் காணாமல் போயிருக்கலாம்.

இப்போது எம்டாக். சிந்தியா லிவிங்ஸ்டன் பெர்க்லியில் உருவாக்கியது, பெர்க்லியின் யூனிக்ஸ் பதிப்பான 1990-இன் 4.3 பிஎஸ்டி ரீனோவோடு வந்தது. மேன் மேக்ரோ "இது தடித்த எழுத்து" என்கிறது. எம்டாக் "இது ஆப்ஷன்", "இது பயனர் தரும் மதிப்பு", "இது சூழல் மாறி", "இது இன்னொரு பக்கத்துக்கான சுட்டு" என்கிறது. ஆப்ஷனுக்கான எஃப்எல் மேக்ரோ கோட்டைத் தானே போட்டுக்கொள்வதால், மேலே சொன்ன சிக்கலின் பெரும்பகுதி இங்கே எழவே எழாது. மேன் பக்கங்களை வடிவமைக்கும் இன்னொரு நிரலான மேன்டாக்கோடு வரும் தேடல் கருவியில், குறிப்பிட்ட சூழல் மாறியைப் பேசும் பக்கங்கள் எவை என்று பொருள் வாரியாகவே தேடலாம். எவ்வளவுதான் சுத்தம் செய்தாலும் மேன் மேக்ரோவில் எழுதிய பக்கம் இந்த வசதியைத் தர முடியாது.

விலையும் உண்டு. மேக்ரோக்களின் எண்ணிக்கை பல மடங்கு. காற்புள்ளி, முற்றுப்புள்ளி போன்றவற்றை இடைவெளி விட்டுத் தனியாக எழுத வேண்டும். மேக்ரோ வரியில் உரைச்சொல் ஒன்று இன்னொரு மேக்ரோவின் பெயராக அமைந்துவிட்டால், அதைத் தனியாகக் காக்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரியது, மேனிலிருந்து எம்டாக்குக்கு மாற்றுவதை இயந்திரத்திடம் முழுமையாக ஒப்படைக்க முடியாது என்பது. தடித்த எழுத்தில் இருப்பது கட்டளையா, ஆப்ஷனா, மாறிலியா என்பது படித்துப் புரிந்துகொள்கிறவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். எதிர்த்திசை எளிது: மேன்டாக் நிரலே எம்டாக் மூலத்தை மேன் வடிவத்துக்கு மாற்றித் தரும். எம்டாக் படிக்கத் தெரியாத பழைய கணினி எங்கோ இருக்கிறது என்று தயங்குவோருக்கு இந்த ஒன்றே போதுமான பதில்.

மூன்றாம் வழிதான் இன்று அதிகம் பரிந்துரைக்கப்படுகிறது. எனக்கு அதில் அரைமனதுதான். ரோஃப் தெரியாதவர்களும் திருத்தம் அனுப்ப முடியும் என்பது உண்மையான நன்மை. நிரல் பதிப்புகளைப் பேணும் கருவியான கிட் திட்டம் தன் பக்கங்களை ஆஸ்கிடாக்கில்தான் எழுதுகிறது. ஆனால் கையேட்டுப் பக்கத்தின் முதுகெலும்பு, ஆப்ஷனும் அதன் விளக்கமுமாக வரும் வரையறைப் பட்டியல். பொதுவான மார்க்டவுனில் அதற்கு இடமே இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் சொந்த நீட்டிப்பைச் சேர்க்கிறது. ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பான்டாக் தன் இயல்பு அமைப்பில், நிரல் குறிக்கு வெளியே வரும் இரட்டைக் கோட்டை நீண்ட கோடாக மாற்றிவிடும். அப்போது நீள ஆப்ஷன் ஒவ்வொன்றும் பாழ். சிறிய திட்டத்துக்கு எஸ்சிடாக் என்ற கருவி போதும். மேன் பக்கம் ஒன்றையே குறிவைத்து எழுதப்பட்டதால் அதில் இத்தகைய வியப்புகள் குறைவு.

உங்கள் முன் இருக்கும் கோப்பே இப்படி உருவாக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அதன் தொடக்கக் குறிப்பு வரிகளில் டாக்புக், பாட் போன்ற ஆவண வடிவத்தை மேன் பக்கமாக மாற்றும் கருவியின் பெயர் இருந்தால், அந்தக் கோப்பில் கைவைப்பது வீண். அடுத்த முறை நிரலைக் கட்டும்போது உங்கள் உழைப்பு முழுவதும் அழிந்துவிடும். திருத்தம் மூலக்கோப்புக்குப் போக வேண்டும், அல்லது மாற்றுக் கருவியை எழுதியவருக்குப் போக வேண்டும்.

ஆக, தேர்வு இப்படி அமையும். வேறொருவர் பராமரிக்கும் திட்டத்துக்குத் திருத்தம் அனுப்புகிறீர்கள் என்றால், அவர் எழுதும் மொழியிலேயே சுத்தம் செய்யுங்கள். லினக்ஸ் மேன் பக்கங்கள் திட்டம் மேன் மேக்ரோவில் இருக்கிறது, பிஎஸ்டி அமைப்புகள் எம்டாக்கில் இருக்கின்றன. அங்கே மொழியை மாற்றச் சொல்லி வாதிடுவது யாருக்கும் உதவாது. உங்கள் சொந்த நிரல், பல ஆண்டுகள் வாழும் என்று நம்புகிறீர்கள் என்றால், சுத்தம் செய்த பிறகு எம்டாக்குக்கு மாற்றுங்கள். உடன் எழுதுவோர் பலர், அவர்களில் யாருக்கும் ரோஃப் பழக்கமில்லை என்றால் மட்டும் மூன்றாம் வழி.

புதிய வசதிகளில் மட்டும் நிதானம் வேண்டும். 2023-இல் வந்த கிராஃப் 1.23, பிற பக்கங்களைச் சுட்டுவதற்கு எம்ஆர் என்ற மேக்ரோவை மேன் தொகுப்பில் சேர்த்தது. நல்ல மேக்ரோ. ஆனால் அதை அறியாத பழைய பதிப்பு, அந்த வரியையே விட்டுவிடும். "மேலும் காண்க" பகுதி வெறுமையாகிவிடும். உங்கள் வாசகர்களிடம் பழைய கணினிகள் இருக்கும்வரை பிஆர் மேக்ரோவே பாதுகாப்பு.

எந்த வழியானாலும் சோதனை ஒன்றுதான். திருத்துவதற்கு முன்னும் பின்னும் பக்கத்தை வடிவமைத்து, இரண்டு வெளியீடுகளையும், வேறுபாடுகளைக் காட்டும் டிஃப் நிரலைக் கொண்டு ஒப்பிடுங்கள். தடிமனையும் சாய்வையும் குறிக்கும் கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்காமல் ஒப்பிட வேண்டும். நீக்கினால் எழுத்துருப் பிழை எதுவும் தெரியாது. நீங்கள் வேண்டுமென்றே செய்த மாற்றங்களைத் தவிர வேறெதுவும் அதில் வரக் கூடாது. மேன்டாக்கின் பிழை சுட்டும் லின்ட் முறையையும், கிராஃபின் எல்லா எச்சரிக்கைகளையும் இயக்கிப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு பிழைகளைப் பிடிக்கும். குறித் திருத்தத்தையும் சொல் திருத்தத்தையும் ஒரே கமிட்டில் கலக்காதீர்கள். கலந்தால், அதைப் பரிசீலிப்பவருக்கு எது வெறும் துப்புரவு, எது பொருள் மாற்றம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.