இரண்டு பருவங்கள் பயன்படுத்திய ஸ்டட் பெட்டி: ஓர் ஈவென்டிங் லாயப் பணியாளரின் மதிப்பீடு

இங்கிலாந்தின் க்ளஸ்டர்ஷயர் பகுதியில், ஈவென்டிங் போட்டிகளுக்குக் குதிரைகளைப் பழக்கும் ஒரு லாயத்தில் நான் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன். இங்கே இந்த வேலைக்குக் ‘குரூம்’ என்று பெயர். நம் ஊர்ப் பந்தயத் திடல்களில் சைஸ் என்பார்கள். மார்ச்சில் தொடங்கி அக்டோபரில் முடியும் போட்டிப் பருவத்தில் வாரம் தவறாமல் நான் திறந்து மூடும் ஸ்டட் பெட்டியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்டட் என்பது குதிரை வழுக்காமலிருக்க லாடத்தில் திருகும் உலோக முளை. பக்கத்து ஊர்ச் சேணக்கடையில் 58 பவுண்டு கொடுத்து என் சொந்தப் பணத்தில் வாங்கிய பெட்டி இது. இதில் நல்லதும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. குறைகளைச் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

ஈவென்டிங் என்பது ஒரே குதிரையும் ஒரே வீரரும் ட்ரெஸ்ஸாஜ் (கட்டளைக்கேற்ற நடை அசைவுகள்), க்ராஸ் கன்ட்ரி (திறந்தவெளியில் தடை தாண்டும் ஓட்டம்), ஷோ ஜம்பிங் (திடலுக்குள் தடை தாண்டல்) ஆகிய மூன்று சோதனைகளையும் கடக்க வேண்டிய போட்டி. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்திய வீரர் பவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வென்றதும், பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றதும் இந்தப் பிரிவில்தான். 1949 முதல் இதே க்ளஸ்டர்ஷயரில் நடந்துவரும் பேட்மின்டன் (இங்கே அது ஓர் ஊரின் பெயர்) குதிரைப் போட்டியைப் போன்ற மிக உயர்ந்த நிலையில், க்ராஸ் கன்ட்ரியில் நிமிடத்துக்கு 570 மீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடி, வழியெங்கும் உள்ள மரத்தடைகளையும் பள்ளங்களையும் நீர்நிலைகளையும் குதிரை தாண்ட வேண்டும். இவை அனைத்தும் நடப்பது புல்தரையில். ஏறக்குறைய 500 கிலோ எடையுள்ள ஓர் உயிர் ஈரப்புல்லில் வளைந்து திரும்பும்போது வழவழப்பான இரும்பு லாடம் வழுக்கும். அதைத் தடுப்பதற்காக, கால்பந்து வீரரின் காலணியில் உள்ள முளைகளைப் போன்ற இந்த ஸ்டட்டுகளை லாடத்தில் திருகிப் பொருத்துகிறோம். லாடம் அடிப்பவர் ஒவ்வொரு லாடத்தின் பின்முனைகள் இரண்டிலும் துளையிட்டு மரை போட்டுக் கொடுத்துவிடுவார். ஆக, ஒரு குதிரைக்கு எட்டுத் துளைகள். அவற்றைச் சுத்தமாக வைத்திருப்பதும், போட்டி நாளில் ஸ்டட் போடுவதும், முடிந்ததும் கழற்றுவதும் குரூமின் பொறுப்பு.

பெட்டியில் நான்கு வகையில் 32 ஸ்டட்டுகள், துளைக்குள் திருகி மரையைச் சீர்செய்யும் ‘டேப்’ (tap) என்ற வெட்டுக் கருவி ஒன்று, ஸ்பானர், துளையைக் குத்தி எடுக்க ஓர் ஊசி, சிறு கம்பித் தூரிகை, துளைகளை அடைக்க ரப்பர் அடைப்பான்கள், காந்தக் கிண்ணம் ஆகியவை இருந்தன. விளம்பரப் படத்தில் ஸ்டட்டுகள்தான் பளபளக்கின்றன. ஆனால் இப்படி ஒரு பெட்டியை வாங்குகிறவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது டேப்பைத்தான். அதற்குக் காரணம் எங்கள் வேலையின் இயல்பிலேயே இருக்கிறது. குதிரை நடக்க நடக்கத் துளைக்குள் மணலும் சாணமும் சிறுகல்லும் இறுகிவிடும். சாலையில் நடந்தால் லாடம் தேய்ந்து துளையின் வாய்விளிம்பு நசுங்கும். போட்டிக்கு முந்தைய மாலை, தீவனம் வைத்து முடித்த பிறகு, ஒவ்வொரு காலாகத் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு, ஊசியால் அழுக்கை எடுத்து, டேப்பை விட்டு மரையைத் திறந்து, எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்து அடைக்க வேண்டும். மூன்று குதிரைகள் போட்டிக்குப் போகும் நாளென்றால் 24 துளைகள். இந்த வேலையை மாலையிலேயே முடித்திருந்தால், மறுநாள் காலையில் லாரியின் அருகே, சுற்றிலும் மற்றக் குதிரைகள் கனைத்துக்கொண்டிருக்க, நிலைகொள்ளாமல் நிற்கும் குதிரைக்குச் சில நிமிடங்களில் ஸ்டட் போட்டுவிடலாம். மாலையில் தவறவிட்டதை எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் காலையில் ஈடுகட்ட முடியாது.

இந்தப் பெட்டியின் டேப் ஏழே வாரங்களில் முனை மழுங்கிவிட்டது. வெட்ட வேண்டிய மரையை அது நசுக்கத் தொடங்கியதை நான் உடனே உணரவில்லை. ஏப்ரல் மாதத்துப் போட்டி ஒன்றில், க்ராஸ் கன்ட்ரி தொடங்கப் பன்னிரண்டு நிமிடங்களே இருந்தபோது, இடது பின்காலின் வெளிப்பக்கத் துளையில் ஸ்டட் கோணலாக ஏறி நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. மல்லாடி அதைக் கழற்றியபோது மரை முழுவதும் சிதைந்திருந்தது. வீரரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, வலது பின்காலிலும் அதே பக்கத்து ஸ்டட்டைக் கழற்றச் சொல்லி, இரண்டு கால்களையும் சமமாக்கிக்கொண்டு, திருப்பங்களில் வேகத்தைக் குறைத்து ஓட்டி வந்தார். குதிரை நலமாகத் திரும்பியது. நேர மீறலுக்கு நொடிக்கு 0.4 வீதம் தண்டப் புள்ளிகள் சேர்ந்தன. அந்த நேரத்தை இழந்தது குதிரை அல்ல, முந்தைய மாலையில் மழுங்கிய டேப்பை நம்பிய நான்தான் என்பதை இன்றும் மறக்கவில்லை.

டேப்பில் இன்னொரு குறையும் உண்டு. அது கைப்பிடியோடு அசையாமல் இணைந்த ‘T’ வடிவக் கருவி. வேலை நடக்கும்போது குதிரை திடீரென்று காலைக் கீழே வைத்துவிட்டால், அந்த நீண்ட கைப்பிடி நம் கையையோ குதிரையின் காலையோ காயப்படுத்தக்கூடும். குட்டையான, கால் தரையில் படும்போது அபாயம் குறைவாக இருக்கும்படி அமைத்த பாதுகாப்பு டேப்புகள் தனியாக விற்கின்றன. நான் பிறகு அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டேன். இந்த விலையில் பெட்டி விற்பவர்கள் அதையே உள்ளே வைத்துத் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டட்டுகளைப் பொறுத்தவரை தரம் ஒரே சீராக இல்லை. காய்ந்து இறுகிய தரைக்கான சிறிய கூர்முனை ஸ்டட்டுகள் மிக நன்றாக இருக்கின்றன. நடுவில் டங்ஸ்டன் வைத்திருப்பதால் இரண்டு பருவங்கள் கழிந்தும் கூர் மழுங்கவில்லை. மழை ஊறிய தரைக்கான பெரிய ஸ்டட்டுகள் மென்மையான எஃகில் செய்தவை. மூன்று மாதத்தில் அவற்றின் பக்கங்கள் உருண்டுபோய், ஸ்பானர் பிடிக்காமல் நழுவுகிறது. இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பெரிய ஸ்டட் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் நினைக்கிறார்கள். குதிரை தரையிறங்கும்போது குளம்பு சற்றே வழுக்கி நிற்பது இயற்கை. அந்த வழுக்கலை முழுதும் தடுத்துவிட்டால் அதிர்ச்சி மூட்டுகளிலும் தசைநாண்களிலும் இறங்கும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வேண்டாம். உள்பக்கத்தில் எப்போதும் சிறியதையே போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கால் மறுகாலை மிதிக்கும்போது காயம் ஆழமாகும். காலையில் தரையைக் குதிகாலால் அழுத்திப் பார்த்து எந்த ஸ்டட் பொருந்தும் என்று நான் சொல்வேன். பாதையை நடந்து பார்த்த வீரர் முடிவெடுப்பார்.

மரையின் அளவைப் பெட்டியின் மேல் தெளிவாக அச்சிடாதது பெரிய குறை. பிரிட்டனில் வழக்கமான 3/8 அங்குல மரை இதில் இருக்கிறது. ஐரோப்பாவின் பிற நாடுகளில் எம்10 என்ற பத்து மில்லிமீட்டர் மரை வழக்கம். 3/8 அங்குலம் என்பது ஒன்பதரை மில்லிமீட்டர்; கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஜெர்மனியிலிருந்து எங்கள் லாயத்துக்கு வந்த குதிரை ஒன்று அங்கே அடித்த லாடத்தோடு வந்தபோது, முதல் ஸ்டட் ஆட்டங்கண்டதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எந்த ஸ்டட்டையும் முதல் இரண்டு சுற்றுகள் விரலால் திருகிப் பார்த்த பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும் என்பதை அன்று முதல் ஒரு விரதம்போலக் கடைப்பிடிக்கிறேன்.

மனதாரப் பாராட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று, காந்தக் கிண்ணம். நீண்ட புல்லில் விழுந்த ஸ்டட் கண்ணில் படாது. அடுத்து அங்கே நிற்கும் குதிரையின் குளம்பில் அது ஏறினால் விளைவு கொடியது. இந்தக் கிண்ணத்தின் காந்தம் வலுவானது. பெட்டியைத் தட்டிவிட்டாலும் எட்டு ஸ்டட்டுகளும் அதில் ஒட்டியே கிடக்கும். இன்னொன்று, பெட்டியின் பூட்டு. க்ராஸ் கன்ட்ரி முடித்து வரும் குதிரையின் உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். சேணத்தை இறக்கி, இடைவிடாமல் குளிர்ந்த நீரை ஊற்றி, நடத்தி, மூச்சு அடங்குகிறதா என்று கவனித்துக்கொண்டே ஸ்டட்டுகளைக் கழற்ற வேண்டும். களைத்த குதிரை தடுமாறித் தன் காலையே மிதித்துவிடக்கூடும் என்பதால் தாமதிக்க முடியாது. அந்த நேரத்தில் ஒரு கை குதிரையிடம் இருக்கும், மறுகை நனைந்திருக்கும். ஈரமான ஒற்றைக் கையால் திறக்க முடிகிற பூட்டை வடிவமைத்தவர், இந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே ஸ்டட்டுகளைச் செருகி வைக்கும் நுரைத்தட்டு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் முதல் மாதத்திலேயே துரு பிடித்தது. அதை எடுத்தெறிந்துவிட்டு, எண்ணெய் தடவிய துணியை விரித்து வைத்திருக்கிறேன். அதன் பிறகு துரு இல்லை. ரப்பர் அடைப்பான்கள் பயனற்றவை, இரண்டே நாளில் உதிர்ந்துவிடும். மருந்துக்கடைப் பஞ்சு போதும். கூடவே வரும் விளக்கத்தாளில், ஸ்டட்டோடு குதிரையை லாரியில் ஏற்றவோ கான்கிரீட் தரையில் நிறுத்தவோ கூடாது என்ற அடிப்படை எச்சரிக்கைகூட இல்லை. தாண்டும்போது முன்கால்களை இறுக மடக்கும் குதிரைக்கு, ஸ்டட் நெஞ்சுப் பகுதியைக் கிழிக்காதிருக்க அகலமான காப்புள்ள வார் கட்ட வேண்டும் என்பதும் இல்லை.

வேலையில் புதிதாகச் சேர்ந்து, கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குபவருக்கு இதை வாங்கச் சொல்வேன். ஆனால் அன்றே நல்ல பாதுகாப்பு டேப் ஒன்றையும் பெரிய ஸ்டட்டுகள் எட்டையும் தனியாக வாங்கிவிட வேண்டும். ஏற்கெனவே நல்ல டேப் வைத்திருப்பவர், முழுப் பெட்டிக்குப் பணம் கொடுக்காமல் சிறிய கூர்முனை ஸ்டட்டுகளையும் ஒரு காந்தக் கிண்ணத்தையும் மட்டும் உதிரியாகக் கேட்டு வாங்கலாம். எனக்கு விற்ற கடையில் இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கின்றன.