ரம்பிள் 100: கல்யாண மண்டபத்தில் பேஸ் கேட்க வேண்டுமென்றால்

பேஸ் கிடாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி, அதாவது பேஸ் ஆம்ப், ஃபெண்டர் ரம்பிள் 100. அதை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்கலாம். அதிலுள்ள லோ-மிட் நாப் (ஒலியின் கீழ் நடுப்பகுதியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் மேடையில் கான்டூர் பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள்.

புதுச்சேரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வரைக்கும் போவோம். நாங்கள் வாசிப்பதில் பாதிக்கு மேல் எண்பதுகளின் இளையராஜா பாட்டுகள்தான். அந்தப் பாட்டுகளில் பேஸ் என்பது தாளத்துக்கு ஒத்து ஊதும் வேலை இல்லை, பாடகர் பாடும் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாகவே நடந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழவேண்டும். வெறும் அதிர்வு மட்டும் வந்தால் எனக்கு அது வாசித்த கணக்கில் சேராது. இந்த ஆம்பை அந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன்.

100 வாட், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, எடை சுமார் 10 கிலோ. லாஸ்பேட்டையில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. ஒரு தோளில் கிடார் பை, இன்னொரு கையில் ஆம்ப் என்று குறுகலான படியில் மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். பழைய பேஸ் ஆம்ப் எதையாவது தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். ஆம்பெக் நிறுவனம் 1969-ல் கொண்டுவந்த எஸ்.வி.டி. என்ற பேஸ் ஆம்பில் 300 வாட், அதற்கு 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு கொண்ட பெட்டி. அதை நகர்த்த ஆள் வைக்கவேண்டும்.

டோனுக்கு நாலு நாப்: பேஸ் (அடி), லோ-மிட் (கீழ் நடு), ஹை-மிட் (மேல் நடு), ட்ரெபிள் (உச்சி). நாலையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். அங்கே எதுவும் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. பெரும்பாலானோர் உடனே கையை வைப்பது பேஸ் நாப்பில்தான், பெயரே பேஸ் என்று இருக்கிறதே. ஆனால் கணக்கைப் பாருங்கள். விரல் வைத்து அழுத்தாமல் மீட்டும் ஈ ஸ்ட்ரிங்கின், அதாவது பேஸ் கிடாரின் மிகத் தடித்த கம்பியின், அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று வைத்த சிறிய பெட்டி அந்த ஆழத்தில் பெரிய சத்தம் தராது. நாம் ஈ என்று கேட்பது பெரும்பாலும் அதற்கு மேலேயுள்ள 82, 123 ஹெர்ட்ஸ் மடங்குகளைத்தான். அவற்றை வைத்துக் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. பேஸ் நாப்பை முழுக்கத் திருகினால் ஸ்பீக்கர் கோன் முன்னும் பின்னும் ஆடும், ஆம்பின் சக்தி அங்கேயே தீர்ந்துவிடும், சுரம் தெளிவாகாது.

பேஸ் கிடாரின் பேச்சு இருப்பது நடுப்பகுதியில். 250 ஹெர்ட்ஸ் பக்கம் உடம்பு, 700, 800 பக்கம் உறுமல், 2,000-க்கு மேல் விரல் ஸ்ட்ரிங்கை விடும் ஓசை. எங்கள் குழுவில் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே கூட்டம்: ரிதம் பேடின் (மின்னணு டிரம்) கிக் என்னும் அடி முழக்கம், தபலாவின் இடது கை மத்தளமான பாயான், கீபோர்டு அண்ணனின் இடது கை. அந்த நெரிசலுக்குள் பேஸைக் கூட்டினால் எல்லாம் ஒரே குழம்பாகிவிடும். நான் பேஸ் நாப்பை நடுவிலிருந்து ஒரு பொட்டு கீழே இறக்கி, லோ-மிட்டைக் கடிகார முள் இரண்டு மணியைக் காட்டும் நிலைக்குக் கொண்டுபோவேன். ஹை-மிட் நடுவிலேயே இருக்கும். இப்படி வைத்து முதலில் வாசித்தபோது, மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நண்பன் அன்றைக்குத்தான் சரணத்தில் நான் இறங்கிவரும் சுரங்களை எண்ணிச் சொன்னான். அப்புறம், கீபோர்டு அண்ணனிடம் ஒரு வார்த்தை: “அண்ணே, சரணத்துல மட்டும் இடது கையைக் கொஞ்சம் மேல வாசிங்க.” அவர் ஒரு ஸ்தாயி ஏற்றி வாசித்ததில் வந்த தெளிவை எந்த நாப்பும் தராது.

இனி கான்டூர். இந்தப் பட்டன் நடுப்பகுதியைக் குழித்து, அடியையும் உச்சியையும் தூக்கும். வீட்டில் தனியாக, மெல்லிய சத்தத்தில் வாசிக்கும்போது அவ்வளவு சுகமாக இருக்கும். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு அடிச்சுரங்கள் இன்னும் அதிகமாக மங்கிவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். கான்டூர் அந்தக் குறையை ஈடுகட்டுவதால் இனிக்கிறது. மேடையில் சத்தம் ஏறியதும் அந்த ஈடு தேவையில்லை. அதோடு, குழித்த இடத்தில் பாடகரின் குரலும் கிடாரும் கீபோர்டும் வந்து உட்கார்ந்துகொள்ள, பேஸ் காணாமல் போய்விடும். கடையில் ஆம்பைச் சோதிக்கும்போது கான்டூர் அழுத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடையில் மயக்கிய அதே சத்தம்தான் மேடையில் கைவிடும்.

பிரைட் பட்டன் உச்சியைத் தூக்கும். ஸ்ட்ரிங் பழசாகி மந்தமானபோது உதவும், புது ஸ்ட்ரிங்கில் விரல் உரசல்தான் அதிகம் கேட்கும். வின்டேஜ் பட்டன் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய வால்வு ஆம்ப் போல முனையை மழுக்கி, சுரத்தைச் சற்று உருட்டித் தருகிறது. மெதுவான பாட்டுகளுக்கும், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவோடு வாசிக்கவும் அதைத்தான் போடுகிறேன். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் எங்கள் பாட்டுகளுக்குத் தேவைப்படுவதில்லை.

நாப்பை விட அறை பெரிய ஆள். எங்கள் ஒத்திகை அறை பத்துக்குப் பத்து, நாலு பக்கமும் சிமென்ட் சுவர். எதிரெதிர்ச் சுவர்கள் 10 அடி தள்ளியிருந்தால் சுமார் 56 ஹெர்ட்ஸில் ஒலி உள்ளேயே நின்று முழங்கும். திறந்த ஏ ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ். ஏ-யைத் தொட்டால் ஜன்னல் கம்பி நடுங்கும், அடுத்து ஜி-க்கு இறங்கினால் ஆளையே காணோம். இதை பேஸ் நாப்பைக் குறைத்துத் தீர்க்க முடியாது, மற்ற சுரங்களும் சேர்ந்து வற்றிவிடும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினாலும் இவ்வளவு ஆழத்து ஒலிக்கு ஒன்றும் ஆகாது. மூலையிலிருந்த ஆம்பை வெளியே இழுத்து, ஒரு நாற்காலி மேல் ஏற்றினோம். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. ஸ்பீக்கர் முழங்கால் உயரத்தில் இருந்தால் அடி மட்டும் அறையெங்கும் பரவும், தெளிவைத் தரும் மேற்பகுதி காலைத் தாண்டிக் காதுக்கு வராது. அதனால் வாசிப்பவர் தனக்குக் கேட்கவில்லையென்று ட்ரெபிளை ஏற்றுவார், எதிரே நிற்பவருக்குக் காது குத்தும். திருவிழா மேடைகளில் இது இன்னும் முக்கியம். பலகை அடித்த மேடை உள்ளே வெற்றிடம், ஆம்பைத் தரையில் வைத்தால் மேடையே முழங்கும்.

100 வாட் போதுமா? மண்டபத்துக்குள், ரிதம் பேடும் கீபோர்டும் உள்ள குழுவுக்கு நாங்கள் கேட்டுக்கொள்ளப் போதும். கடலூர் சில்வர் பீச் மாதிரித் திறந்தவெளியில் கூட்டத்துக்குக் கேட்கப் போதாது. இரண்டு மடங்கு வாட் கொடுத்தாலும் கூடுவது 3 டெசிபெல்தான், காதுக்கு அது சின்ன வித்தியாசம். அங்கே ஆம்பின் பின்னாலுள்ள எக்ஸ்.எல்.ஆர். லைன் அவுட் துளையிலிருந்து மிக்ஸருக்கு (எல்லோர் ஒலியையும் கலந்து பெரிய ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவி) கொடுத்துவிட்டு, ஆம்பை எனக்கு மட்டும் கேட்கும் மானிட்டராக வைத்துக்கொள்கிறேன். மிக்ஸரில் இருப்பவரிடம் கச்சேரிக்கு முன்பே பேசிவிடுவது நல்லது. ஒரு திருவிழாவில் “தம்பி, அடி பத்தல” என்று அவர் அறுபது, எண்பது ஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போனார். கிக்கும் பேஸும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. “அண்ணே, அடியைக் கொஞ்சம் இறக்கிட்டு நடுவுல குடுங்களேன்” என்றேன். செய்தார். அடுத்த பாட்டிலிருந்து பேஸ் நடந்து வந்தது.

ஹெட்போன் துளையும், செல்போனை இணைக்கும் ஆக்ஸ் துளையும் இருக்கின்றன. முத்தியால்பேட்டையில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு எங்களுடையது, ராத்திரிப் பயிற்சிக்கு அவை இல்லாமல் முடியாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக் காற்று இன்புட் ஜாக்கையும் நாப்புகளின் உள்பாகத்தையும் அரிக்கும். கரகர சத்தம் வந்தால் ஆம்ப் போய்விட்டது என்று பயப்படவேண்டாம், கான்டாக்ட் கிளீனர் (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்துச் சுழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்கைத் துடைப்பதும், ஆம்புக்கு ஓர் உறை போடுவதும் இங்கே கட்டாயம்.

என்னுடையது பிரான்சிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட். புதுச்சேரியில் பல வீடுகளுக்கு அங்கே சொந்தம் இருப்பதால் இப்படிக் கிடைக்க வாய்ப்புண்டு. பிரான்சிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதால் கவலையில்லை. ஆனால் அந்த ஊர் பிளக்கை நம் சாக்கெட்டில் அப்படியே திணிக்காதீர்கள், எர்த் சேராது. இரைச்சலும் வரும், ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு. கம்ப்யூட்டருக்குப் போடும் மூன்று பின் பவர் கார்டு ஒன்றை வாங்கி மாட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து யாராவது கொண்டுவந்தால் மட்டும் பின்பக்கம் 120 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே சுவிட்சில் கை வையுங்கள்.