கொளத்தூர் கடல்மீன் கடையும் தலைகீழாக நீந்திய ஆந்தியாஸும்

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் நெருக்கியடித்து நிற்கும் தெருக்களில், கடல்மீன்களை மட்டுமே விற்கும் ஒரு கடையில் மூன்று ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். குறையும் சொல்ல வேண்டியிருப்பதால் பெயரை எழுதவில்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை எனக்குப் புகார் எதுவும் இல்லை. உப்பின் அளவு பார்க்கும் என் ரிஃப்ராக்டோமீட்டரைக் கொண்டுபோய் அவர்கள் தொட்டியில் பார்த்தபோதும் அடர்த்தி 1.025 தான் காட்டியது. பவளங்களும் நன்றாகவே இருக்கின்றன. சிக்கல் வந்தது மீனில்.

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள பெண் லயர்டெயில் ஆந்தியாஸ் என்ற பவளப்பாறை மீன் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். அது முந்தின நாள்தான் கடைக்கு வந்து இறங்கியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றிரவே மீன் வாலைத் தூக்கி, தலையைக் கவிழ்த்து, மார்புத் துடுப்புகளை ஓயாமல் அடித்துக்கொண்டு கீழே இறங்கப் பார்த்தது. அடிப்பதை நிறுத்திய மறுகணம் தக்கைபோல மேலே வந்தது. மறுநாள் காலையில் வயிற்றின் பின்பகுதி உப்பியிருந்தது.

கடைக்குத் தொலைபேசியில் சொன்னதும், கல்லாவில் இருந்த இளைஞர் யோசிக்காமல், "வேகவெச்ச பட்டாணி குடுங்க சார், சரியாயிடும்" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். பட்டாணி தங்கமீனுக்குச் சொல்லும் வைத்தியம். தங்கமீனின் உடம்புக்குள் மிதக்க உதவும் காற்றுப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு குழாய் உண்டு. அது காற்றை விழுங்கவும் வெளியேற்றவும் முடியும், அதற்கு வரும் மிதவைக் கோளாறிலும் மலச்சிக்கலுக்குப் பங்கு இருக்கலாம். ஆந்தியாஸ் உள்ளிட்ட பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு வளர்ந்தபின் அந்தக் குழாயே கிடையாது. பைக்குள் வாயு சேர்வதும் இரத்தத்தின் வழி, வெளியேறுவதும் இரத்தத்தின் வழி; இரண்டுமே மெதுவாகத்தான் நடக்கும். இருபது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கு என்பதால், அங்கே பிடித்த மீனை ஒரே மூச்சில் மேலே கொண்டுவந்தால் பைக்குள் இருக்கும் வாயு மூன்று மடங்காக விரியப் பார்க்கும். பொறுப்பாகப் பிடிப்பவர்கள் கட்டம் கட்டமாக ஏற்றுவார்கள், அல்லது மெல்லிய ஊசியால் வாயுவை இறக்குவார்கள். அந்த ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் பையிலேயே கிருமி சேரும். இதில் பட்டாணிக்கு என்ன வேலை?

நல்லவேளையாக, பின்கட்டில் தனித்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பேசினார். மீனை உடனே கொண்டுவரச் சொன்னார். அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஈரக் கையில் மீனைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, மறுபக்கத்திலிருந்து சிறு டார்ச்சை அடித்தார். செம்மஞ்சள் உடம்புக்குள் வாயு நின்ற இடம் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்தது. புதிய இன்சுலின் சிரிஞ்சைப் பிரித்து, மார்புத் துடுப்புக்குப் பின்னால் செதிலுக்கு அடியில் சாய்வாக நுழைத்து, கால் மில்லிக்கும் குறைவாகவே இழுத்தார். முழுதும் எடுத்தால் மீன் கல்லாகத் தரையில் கிடக்கும் என்றார். விட்டதும் அது சற்றுத் தடுமாறி, பிறகு நேராக நின்றது. ஊசி ஒரு மில்லிமீட்டர் தவறினால் சிறுநீரகத்தில் பாயும். ஆகவே இதைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் செய்ய வேண்டாம். நானும் செய்யமாட்டேன்.

அப்போது இன்னொரு வாடிக்கையாளர், தான் வாங்கிய ஹாக்ஃபிஷ் நீந்தாமல் எந்நேரமும் கல்மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பெரியவர் சிரித்துவிட்டு, அதற்குக் காற்றுப்பையே கிடையாது, உட்காருவதுதான் அதன் பிழைப்பு என்றார். தங்கள் மீனை விற்றுத் தள்ளுவதற்காகச் சொன்ன பதில் அல்ல அது, உண்மையே அதுதான்.

பத்து நாள் மங்கிய வெளிச்சத்தில் ஆழமில்லாத தொட்டியில் வைத்து, மைசிஸ் இறால் கொடுத்து, மீனைத் திருப்பித் தந்தார்கள், பணம் வாங்கவில்லை. இரை எடுக்கும்போது வால் லேசாக மேலே போகிறது, மற்றபடி நேராக நீந்துகிறது. ஆனால் வந்து இறங்கிய மறுநாளே அதை விற்காமல் இந்தப் பத்து நாளை முதலிலேயே கொடுத்திருந்தால், ஊசிக்கே தேவை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

இந்தக் கடைக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அரை மதிப்பெண் முழுக்கப் பெரியவருக்கு. போகிறவர்கள் மீன் வந்து எத்தனை நாளாயிற்று என்று கல்லாவில் கேட்காமல் பின்கட்டில் கேளுங்கள்; ஆந்தியாஸ் வாங்குவதானால், அது துடுப்பை அடிக்காமல் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று ஐந்து நிமிடமாவது தொட்டிமுன் நின்று பாருங்கள். புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன்களும் அங்கே உண்டு. ஆழத்திலிருந்து ஏறிவந்த தொல்லை அவற்றுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம், பெரியவருக்கும் அன்று விடுமுறை. வேளச்சேரி, தாம்பரம் பக்கம் போகிறவர்கள் தெர்மோகோல் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் வெறும் கவரில்தான் கட்டித் தருகிறார்கள்.